இது என்ன பூ?

இரண்டாம் ஆண்டு மாணவி, பி.எஸ்ஸி. தாவரவியல்

பூ என்ற சொல் ஒன்றே. அதைப் பார்க்கும் கண்கள் பல. கோயில் குருக்களுக்கு அது அர்ச்சனைப் பொருள். சந்தை வியாபாரிக்கு அது எடை. கவிஞனுக்கு அது காதலியின் முகம். தாவரவியல் படிக்கும் எங்களுக்கோ அது நான்கு வட்டங்கள்: புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம். அவ்வளவுதானா பூ? ஓவியர் ஒருவர் பூவைப் பார்க்கும்போது எதைப் பார்க்கிறார்? அதிலும், பூ என்றே சொல்ல முடியாதபடி வட்டமும் சுருளுமாக வரைந்து வைக்கிறாரே, அந்த அரூப ஓவியர் எதைப் பார்க்கிறார்?

நண்பர்களிடையே இப்பேச்சு எழுந்தால் முடிவு ஒரே மாதிரிதான் இருக்கும். "பூவைப் பூவாக வரையத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த தந்திரம் அது" என்பார்கள். "நாலு கோட்டை இழுத்து, மேலே சாயத்தைக் கொட்டினால் நானும் ஓவியன்தான்" என்று ஒருவர் சொல்ல, மரத்தடியே சிரிப்பால் அதிரும். இச்சிரிப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல அரூபப் பூ, பார்க்கத் தெரியாததால் வருவதன்று. மிக நன்றாகப் பார்த்த பிறகு வருவது என்பதே என் துணிபு. இதற்குச் சான்றாக ஒரு பெண்மணியின் உழைப்பை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

ஸ்வீடன் நாட்டில் 1862 ஆம் ஆண்டு பிறந்தவர் ஹில்மா ஆஃப் கிளிண்ட். கடற்படை அதிகாரியின் மகள். ஸ்டாக்ஹோம் நகரத்து ராயல் கலைக்கழகம் 1864 இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. அங்கே 1882 முதல் 1887 வரை அவர் முறையாகப் பயின்றார். மனித உருவம், இயற்கைக் காட்சி, செடி கொடி ஆகியவற்றை உள்ளது உள்ளபடி வரைவதில் தேர்ச்சி பெற்றார். 1900 ஆம் ஆண்டையொட்டி ஸ்டாக்ஹோம் கால்நடை மருத்துவ நிறுவனத்துக்காகவும் படங்கள் வரைந்து கொடுத்தார். மருத்துவப் படத்தில் ஒரு தசை இடம் மாறினாலும் படம் பயன்படாது. அத்தகைய கையைப் பார்த்து "வரையத் தெரியாது" என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தக் கைதான் 1907 இன் இறுதியில், ஏறத்தாழ இரண்டே மாதங்களில், 'பத்துப் பெரிய ஓவியங்கள்' என்ற வரிசையை வரைந்து முடித்தது. ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கும் மேல் உயரம். 2 மீட்டருக்கும் மேல் அகலம். எங்கள் வீட்டு வாசல் நிலை அந்த உயரத்தில் பாதியைச் சற்றே தாண்டும். தாளின்மேல் டெம்பரா வண்ணத்தால் தீட்டி, பிறகு அத்தாளைத் துணியில் ஒட்டியிருக்கிறார்கள். டெம்பரா என்பது நிறப்பொடியை முட்டை மஞ்சட்கரு போன்ற பசையில் குழைத்துச் செய்யும் பழைய வண்ணம். அது விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தைப்போல் நாள்கணக்கில் குழைத்துத் திருத்த இயலாது. அவ்வளவு பெரிய தாளைத் தரையில் விரித்துத்தான் அவர் வரைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மனித வாழ்வின் நான்கு பருவங்களே அவ்வோவியங்களின் பொருள். குழந்தைப் பருவத்துக்கு இரண்டு. அவற்றின் பின்புலம் நீலம். இளமைக்கு இரண்டு, அவை ஆரஞ்சு. நடுவயதுக்கு நான்கு; அவை இளம் ஊதா. முதுமைக்கு இரண்டு, அவை வெளிறிய இளஞ்சிவப்பு. இப்பின்புலத்தின்மேல் பூவிதழ்கள், கொடிச்சுருள்கள், விதைபோன்ற முட்டை வடிவங்கள், இடையிடையே எழுத்துகள் மிதக்கின்றன. நீலம் பெண்மை, மஞ்சள் ஆண்மை, இரண்டும் கலந்த பச்சை அவற்றின் இணைவு என்று தமக்கென ஓர் அகராதியே வகுத்துக்கொண்டார். காண்டின்ஸ்கி, தாமே முதல் அரூப ஓவியத்தை 1911 இல் வரைந்ததாகச் சொல்லிக்கொண்டவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இந்தப் பூக்கள் மலர்ந்துவிட்டன.

இளமைப் பருவத்து ஓவியம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து என் தாயாரிடம் காட்டினேன். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். விடிவதற்கு முன்பே பிறர் தோட்டத்தில் மல்லிகை பறிக்கப் போகிறவர். "என்னடி இது, கனகாம்பரக் கூடையைக் கவுத்துவிட்ட மாதிரி இருக்கு?" என்றார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த மஞ்சள் சுழி இருக்கே, அது இன்னும் விரியலை" என்று விரலால் தொட்டுக் காட்டினார். அரும்பின் பக்குவத்தை இருட்டிலேயே விரல்நுனியால் அறிகிறவருக்கு, அந்த ஓவியத்தில் முதலில் பட்டது நிறமும் விரிவும்தான். "இது என்ன பூ?" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாம் படித்தவர்களே!

இனி, தாவரவியல் மாணவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். அரூப ஓவியத்தில் இறங்கிய பிறகு ஹில்மா செடிகொடிகளை உற்று நோக்குவதைக் கைவிட்டுவிட்டாரா? இல்லை. 1919, 1920 ஆம் ஆண்டுகளில் தம் நாட்டில் பூத்த செடிகளை நேரில் பார்த்து ஒரு தொகுதி வரைந்தார். மொத்தம் 46 தாள்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழ உயரம். நீர்வண்ணம், பென்சில், மை, உலோக மினுக்கு வண்ணம் ஆகிய நான்கையும் கலந்து பயன்படுத்தியிருக்கிறார். தாளில் செடி இருக்கும். இலை நரம்பும் இதழ் எண்ணிக்கையும் பிசகாமல் இருக்கும். அதே தாளில், செடிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சதுரம். அச்சதுரத்துக்குள் வட்டம், சுருள், கட்டம், அம்பு. அந்தச் செடி மனித உள்ளத்தின் எந்தக் குணத்தைக் காட்டுகிறது என்று அவர் எண்ணினாரோ, அதன் குறிதான் அச்சதுரம். சூரியகாந்தி தன் சொந்த உருவத்தில் நிற்கிறது; பக்கத்தில் அதன் அரூபம் நிற்கிறது. நியூயார்க்கில் உள்ள நவீனக் கலைக் காட்சியகம் இத்தொகுதியை 2022 இல் பெற்று, 2025 இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.

இந்த அமைப்பு நமக்குப் புதியதா? நம் செய்முறைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் செம்பருத்தியின் கிளை. அதன் கீழே பூவின் நீள்வெட்டுத் தோற்றம். அதற்கும் கீழே மலர் வரைபடம். மேலே தாய்த்தண்டைக் குறிக்கும் ஒரு புள்ளி, அடியில் பூவடிச்செதில், இடையில் ஒன்றினுள் ஒன்றாக வளையங்கள். அவ்வளையங்களில் செம்பருத்தியின் சிவப்பு இல்லை. வெளியே நீண்டு நிற்கும் மகரந்தக் குழலின் எழில் இல்லை. ஆனால் ஐந்து அல்லி இதழ்கள் ஒன்றையொன்று தழுவித் திருகியிருக்கும் முறை இருக்கிறது. சூலகத்தின் ஐந்து அறைகள் இருக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் ஐக்லர் 1875 முதல் 1878 வரை இரண்டு பகுதிகளாக வெளியிட்ட நூல், இம்மலர் வரைபடங்களுக்கென்றே எழுதப்பட்டது. பூவின் தோற்றத்தைக் களைந்து அமைப்பை மட்டும் நிறுத்துவது அரூபம் இல்லையென்றால் வேறு எது அரூபம்? ஓவியரைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர், தம் பதிவேட்டில் வாரந்தோறும் அரூபப் பூ வரைந்து கையொப்பம் வாங்குகிறார்!

"இரண்டும் ஒன்றாகிவிடுமா?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். நம் மலர் வரைபடத்தைச் சரியா தவறா என்று சோதிக்க வேறொரு செம்பருத்தியைப் பறித்து வெட்டிப் பார்த்தால் போதும். ஹில்மாவின் சதுரத்தை அப்படிச் சோதிக்க இயலாது. அதன் திறவுகோல் அவர் கையில் மட்டுமே இருந்தது. மேலும் அவர் ஆவியுலகத்தை நம்பியவர். தம் பெரிய ஓவியங்களை மேலுலகச் சக்திகளே வரைவித்தன என்று கருதியவர். அறிவியல் மாணவி என்ற முறையில் அந்நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. அவருடைய சதுரத்தை அறிவியல் என்றும் சொல்லமாட்டேன். ஆயினும், கோட்டை இழுத்தது எந்தச் சக்தி என்று கேட்டால், ஐந்தாண்டுப் பயிற்சியும் இருபதாண்டு உழைப்பும் பெற்ற ஒரு பெண்ணின் கை என்பதே என் விடை. அறிவியல் படத்தின் சோதனை வேறு. ஓவியத்தின் சோதனை வேறு. படத்தைப் பார்த்தவர் மீண்டும் பூவிடம் போய் ஒருமுறை குனிந்து பார்க்கிறாரா? பார்க்கிறார் என்றால் அந்த ஓவியம் வென்றது.

அவருடைய பயணம் அங்கும் நிற்கவில்லை. 1922 இல் வரையும் முறையையே மாற்றினார். தாளை நன்றாக நனைத்து, ஈரம் காயுமுன் வண்ணத்தை விட்டார். வண்ணம் தானே ஓடி, தானே கலந்து, தானே நின்றது. எல்லைக் கோடு போட்டுப் பூவைச் சிறைப்பிடிக்கும் முறையை விட்டு, நிறம் போகும் வழியைப் பார்த்துப் பின்தொடர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. நாற்பது ஆண்டுகள் கோட்டைப் பழகியவர் கோட்டைக் கைவிடுகிறார் என்றால், அது துறவு, இயலாமை ஆகாது.

புகழுக்காகவா இதையெல்லாம் செய்தார்? 1906 முதல் 1915 வரை கோயில் ஒன்றுக்காக என்று எண்ணி 193 ஓவியங்கள் வரைந்தார். அக்கோயில் கட்டப்படவே இல்லை. இடையில் 1908 முதல் நான்கு ஆண்டுகள் அப்பணியை நிறுத்திவிட்டு, பார்வை இழந்த தாயைப் பேணினார். 1944 இல் இறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தம் சகோதரரின் மகனிடம் விட்டுச்சென்றார்; இருபது ஆண்டுகளுக்கு வெளியே காட்டக்கூடாது என்பது நிபந்தனை. 1986 இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த கண்காட்சியில்தான் அவ்வோவியங்கள் முதன்முதலாகப் பரவலான கவனத்தைப் பெற்றன. 2018 இல் தொடங்கி நியூயார்க்கின் குகன்ஹைம் காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்கு ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். கைதட்டல் கேட்க அவர் இல்லை.

"அவர் வசதியான வீட்டுப் பெண், நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவள். "பூப்படம் போட்டால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று என் தந்தையார் கேட்பதில் குற்றம் காணமாட்டேன். எங்கள் வீட்டில் பூ என்றால் கிலோ. கிலோ என்றால் அன்றைய அரிசி. ஆனால் அதனாலேயே சொல்கிறேன்: பூவை எடைபோடாமல் பார்க்கும் அரை மணி நேரம், வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எழுதிவைக்கப்பட்ட சொத்தாக இருக்கக்கூடாது. என் தாயார் இத்தனை ஆண்டுகள் பறித்த பூக்களில் ஒன்றைக்கூடச் சும்மா கையில் வைத்துப் பார்க்க நேரம் பெற்றதில்லை. அந்த நேரத்தைத் தேடிக் கொடுப்பதற்கும் சேர்த்துத்தானே கல்வி?

ஆனால் நம் வகுப்பறைகளில் நடப்பது என்ன? நான் முன்பு படித்த பள்ளி ஒன்றில், செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையைப் பார்த்துத்தான் வரைந்தோம். செம்பருத்திச் செடியோ பள்ளி வேலியிலேயே பூத்து நின்றது! எழுந்து போய்ப் பறித்துவர எவருக்கும் அனுமதி கிடையாது. முந்திய ஆண்டு மாணவரின் பதிவேட்டை வாங்கிக் கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பதை மறுப்பதற்கில்லை. அப்பதிவேடும் அதற்கு முந்தியதன் பிரதியாகவே இருக்கும். இப்படிப் பிரதிக்குப் பிரதி எடுத்த படத்தில் பூ எங்கே இருக்கிறது? ஹில்மாவின் வட்டத்திலாவது அவர் நேரில் பார்த்த ஒரு பூ உண்டு. பிரதியெடுத்த படத்தில் அதுவும் இல்லை. போலி எது என்பதை நண்பர்களே முடிவு செய்யட்டும்.

ஆகவே தாவரவியல் துறைக்கும் சக மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஒரு பூவைப் பறித்து மேசையில் வையுங்கள். ஒரே தாளில் இரண்டு படம் வரையுங்கள். முதற்படத்தில் இதழின் எண்ணிக்கை, நரம்பின் ஓட்டம், மகரந்தத்தாளின் இடம் எதுவும் பிசகக் கூடாது. இரண்டாம் படத்தில் அப்பூ உங்களுக்கு எப்படிப்பட்டதோ அப்படி வரையுங்கள். வட்டமோ, சுருளோ, வெறும் நிறமோ, உங்கள் விருப்பம். விலையுயர்ந்த வண்ணப் பெட்டி தேவையில்லை. பென்சில் இருக்கிறது, மை இருக்கிறது, மஞ்சளும் காவியும் செங்கற்பொடியும் இருக்கின்றன, வேலியோரத்துச் செம்பருத்திச் சாறே தாளில் ஊதாவாகப் படியும். முதற்படத்துக்கு மதிப்பெண் போடட்டும். இரண்டாம் படத்துக்கு மதிப்பெண் வேண்டாம். அதைச் சுவரில் ஒட்டி வைப்போம். போகிறவர் வருகிறவர் நின்று "இது என்ன பூ?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், பக்கத்திலேயே அந்தப் பூவையும் ஒரு குவளைத் தண்ணீரில் வைத்திருப்போம்.