எங்களைக் காரணம் காட்டி அம்மாவை அலுவலகத்துக்கு இழுக்காதீர்கள்

பல்கலைக்கழக நண்பர்கள் வேலை பற்றிப் பேசத் தொடங்கினால், சம்பளத்துக்கு அடுத்தபடியாக வரும் கேள்வி இதுதான்: “வாரத்துல எத்தனை நாள் ஆபீஸ் போகணும்?” ஐந்து நாள் என்றால் முகம் வாடிவிடும். இரண்டு நாள் என்றால் சுற்றியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

பெரியவர்கள் பக்கத்திலிருந்து இதற்கு இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொகுசு வேண்டும்” என்பது ஒன்று. அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். இரண்டாவது பதில் கனிவாக ஒலிக்கும்: “புதிதாக வரும் இளையர்கள் வேலை கற்றுக்கொள்ள வேண்டுமே! அதனால்தான் எல்லாரையும் அலுவலகத்துக்குத் திரும்ப அழைக்கிறோம்.”

இந்த இரண்டாவது பதிலைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அதில் பாதி உண்மை. இளையர்கள் வேலை கற்க உடன் ஆள் வேண்டும். ஆனால், அதற்காக எல்லாரும் எல்லா நாளும் வர வேண்டும் என்பது உண்மையில்லை. எங்கள் பெயரைச் சொல்லிப் போடும் அந்த விதிக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். என் வீட்டில் அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருப்பவர் என் அம்மா.

அம்மாவின் இரண்டரை மணி நேரம்

நாங்கள் ஈசூனில் வசிக்கிறோம். அம்மாவுக்குச் சாங்கி வர்த்தகப் பூங்காவில் கணக்குப் பிரிவில் வேலை. பேருந்து, ரயில், நடை எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. போக வர இரண்டரை மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தால் ஐந்து மணி நேரம் மிச்சம். ஆண்டுக்கு 46 வேலை வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் 230 மணி நேரம். அதாவது, ஒன்பதரை முழு நாள்கள்.

அந்த நேரம் தூக்கத்துக்குப் போவதில்லை. எங்களோடு இருக்கும் பாட்டிக்கு நீரிழிவு. காலையில் ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, அவ்வப்போது பலதுறை மருந்தகத்தில் பரிசோதனை. வீட்டிலிருந்து வேலை செய்யும் அந்த இரண்டு நாள்கள் இல்லாமல் போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று அம்மா ஒருமுறை அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. “ஆபீஸ் போனா ஒரு வேலை, வீட்ல இருந்தா ரெண்டு வேலை. ஆனா, ரெண்டையும் விடாம பார்க்க முடியுது,” என்பார் அம்மா. இதைச் சொகுசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. டிரிப்.காம் என்ற சீனப் பயண நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகள் 2024ல் வெளிவந்தன. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் நிக்கலஸ் புளூம் அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர். ஒரு பகுதியினர் ஐந்து நாளும் அலுவலகம் வந்தனர். மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற ஏற்பாடு. இரண்டாவது பிரிவில் வேலையை விட்டுச் செல்வோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும் நெடுந்தூரம் பயணம் செய்பவர்களிடமும் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. பணித்திறன் மதிப்பீட்டில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

ஆக, “வீட்டில் இருந்தால் வேலை நடக்காது” என்ற வாதம் அவ்வளவு வலுவானதன்று. நல்ல ஊழியர்களை வைத்துக்கொள்ள விரும்பும் முதலாளிக்கும் இதில் ஆதாயம் உண்டு.

பக்கத்து மேசைப் பாடம்

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சென்ற விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பத்து வாரம் வேலைப் பயிற்சி செய்தேன். திங்களும் வியாழனும் அலுவலகம். மற்ற நாள்களில் வீட்டில், சாப்பாட்டு மேசைதான் என் வேலை மேசை.

வீட்டில் கொடுத்த வேலையை முடித்தேன். ஆனால் ஒரு சந்தேகம் வந்தால், அதைக் கேட்கலாமா என்று யோசிக்கவே நேரம் ஆகும். குறுஞ்செய்தியைத் தட்டி, அழித்து, மறுபடி தட்ட வேண்டும். மேலாளர் கூட்டத்தில் இருப்பார். பதில் வருவதற்குள் மதிய உணவு நேரம் வந்துவிடும். அலுவலகத்தில் அதே சந்தேகம் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். தலையைத் திருப்பி, “அக்கா, இது என்ன?” என்று கேட்டால் போதும்.

அதைவிட முக்கியம், நான் கேட்காமலேயே கிடைத்த பாடங்கள். ஒரு வியாழக்கிழமை பக்கத்து மேசை அக்கா ஒரு வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முழு அறிக்கையும் அன்றைக்கே வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் அடம் பிடிக்கிறார்கள் என்பது புரிந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாதியை இன்று மாலை தருகிறேன், மீதி செவ்வாய்க்கிழமை காலையில். எந்தப் பாதி உங்களுக்கு அவசரம்?” என்றார். விவகாரம் அதோடு முடிந்தது. எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் அது. எனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அவர் எதையும் செய்யவில்லை. நான் அருகில் இருந்தேன், அவ்வளவுதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வேலையில் பாதி அறிவு ஏட்டிலேயே இல்லை. அது ஒருவர் பேசும் விதத்திலும் தயங்கும் இடத்திலும் எதை முதலில் செய்கிறார் என்பதிலும் இருக்கிறது. அம்மா இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டுவிட்டார். அதனால்தான் அவரால் வீட்டிலிருந்தே வேலையைக் கச்சிதமாக முடிக்க முடிகிறது. நான் இன்னும் கற்கவில்லை.

வீட்டில் எல்லாருக்கும் வசதி ஒன்றுபோல இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக இல்லம் சார்ந்த கற்றலுக்கு மாறியபோது நான் உயர்நிலை மூன்றில் இருந்தேன். எங்கள் நான்கறை வீட்டில் ஒரே மேசையின் ஒரு முனையில் அம்மாவின் கூட்டம், மறுமுனையில் என் கணித வகுப்பு. மூவறை வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்த என் தோழி கழிவறையில் உட்கார்ந்து வாய்மொழிப் பயிற்சி செய்தாள். தனியறை இல்லாத இளையருக்கு அலுவலக மேசை சுமையன்று, வரம்.

யார் வர வேண்டும், எப்போது வர வேண்டும்?

அப்படியென்றால் முதலாளிகள் சொல்வது சரிதானே, எல்லாரையும் ஐந்து நாளும் வரச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். அமேசான் நிறுவனம் 2025 ஜனவரி முதல் தன் அலுவலக ஊழியர்களை அப்படித்தான் அழைத்தது. சேர்ந்து கற்பதும் அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆனால், ஆள்கள் ஒரே கூரையின்கீழ் இருப்பதாலேயே கற்றல் நடந்துவிடாது. என் பயிற்சிக் காலத்தில் ஒரு திங்கட்கிழமை என்னைச் சுற்றியிருந்த அனைவரும் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு வேறு கிளையில் இருப்பவர்களுடன் காணொளிக் கூட்டத்தில் இருந்தனர். காலை முதல் மாலை வரை என்னிடம் யாரும் நான்கு வார்த்தை பேசவில்லை. அன்று நான் போய் வந்ததற்குக் கிடைத்தது குளிரூட்டி மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த பொருளியல் நிபுணர்கள், அருகருகே அமரும் குழுக்களில் புதியவர்களுக்குக் கூடுதல் கருத்துகளும் திருத்தங்களும் கிடைப்பதைக் கண்டனர். அதே நேரத்தில், கற்றுத்தரும் மூத்தவர்கள் தங்கள் சொந்த வேலையைக் குறைவாகவே முடித்தனர். கற்றுத்தருவதற்கு நேரம் செலவாகிறது. மூத்தவர்களை அலுவலகத்துக்கு அழைத்து, பழைய இலக்கையே கொடுத்து, “இளையர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால், அவர்கள் காதொலிக் கருவியை மாட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

இதற்குத் தீர்வு பெரிய கணக்கன்று. ஒரு குழுவில் நான்கு மூத்த ஊழியர்களும் ஒரு புதியவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை எல்லாரும் வருகிறார்கள். மீதமுள்ள நான்கு நாள்களில் மூத்தவர்கள் ஆளுக்கு ஒரு நாள் வருகிறார்கள். மூத்தவர் எவரும் இரண்டு நாளுக்குமேல் வரத் தேவையில்லை. ஆனால், புதியவருக்கு ஐந்து நாளும் பக்கத்து மேசையில் ஓர் ஆள் உண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அவரும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களைப் பெறலாம். அம்மாவுக்கும் இதில் இடம் உண்டு, எனக்கும் உண்டு.

அப்பாவுக்கு? அவர் பேருந்து ஓட்டுநர். அவருடைய பேருந்தை எங்கள் வரவேற்பறைக்குக் கொண்டுவர முடியாது. தாதியர், துப்புரவாளர், சமையல்காரர் நிலையும் அதுதான். அவர்களுக்கு வேண்டிய நீக்குப்போக்கு வேறு வகை. வேலை நேர அட்டவணை முன்கூட்டியே தெரிய வேண்டும், அவசரத்துக்கு நேரம் மாற்றிக்கொள்ள வழி வேண்டும். வீட்டிலிருந்து வேலை பற்றி மட்டுமே பேசினால் இவர்களை மறந்துவிடுவோம்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் குறித்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. இடம், நேரம், வேலையின் அளவு ஆகிய மூன்றில் எதிலும் மாற்றம் கோரி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுத்தால் வர்த்தகம் சார்ந்த நியாயமான காரணம் சொல்ல வேண்டும். “எங்கள் வழக்கத்தில் இல்லை”, “ஊழியர் என் கண்முன் இருந்தால்தான் எனக்குத் திருப்தி” போன்றவை நியாயமான காரணங்கள் ஆகா. விண்ணப்பித்தால் கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இதில் இல்லை. ஆனால், பயமின்றிக் கேட்பதற்கான வழி இருக்கிறது.

இதைப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பலர் விரைவில் முதல் வேலைக்கோ பயிற்சிக்கோ செல்வீர்கள். நேர்முகத் தேர்வில் “எத்தனை நாள் அலுவலகம்?” என்று கேட்பதில் தவறில்லை. அதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அலுவலகம் வரும் நாளில் என் குழுவில் வேறு யார் வருவார்? எனக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கலாம்? எனக்குக் கற்றுத்தரும் நேரம் அவருடைய வேலையாகக் கணக்கிடப்படுகிறதா?

இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் நிறுவனத்தில் முதல் ஆண்டு ஐந்து நாளும் போய்வர நான் தயார். பதில் இல்லாத நிறுவனம் ஐந்து நாளும் கதவைத் திறந்து வைத்தாலும், என் அம்மாவை நெடுந்தூரம் அலையவிட்டாலும், எனக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அதனால் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். இளையர்கள்மேல் உங்களுக்கு அக்கறை இருந்தால் மூத்தவர்களிடம் கேளுங்கள், இளையர்களிடமும் கேளுங்கள், பிறகு நாள்களை முடிவு செய்யுங்கள். எங்களுக்கு வேண்டியது நிரம்பி வழியும் அலுவலகம் அன்று. பக்கத்தில் அமர்ந்து, கேட்டால் தலையைத் திருப்பும் ஒருவர் போதும்.