பாதுகாப்புப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது?

2021 பிப்ரவரியில் உத்திரமேரூரை அடுத்த மதூர் கல்குவாரியில் பாறை சரிந்து உயிர் போனது. 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் நான்கு பேர். 2025 மே மாதம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டையில் ஆறு பேர். ஒவ்வொரு முறையும் உரிமம், அபராதம், நிவாரணம் பற்றிப் பேசுகிறோம். இறந்தவர்களுக்கு முறையாகப் பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

இன்னொரு பக்கம், சுரங்க வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்களிடம் பாதுகாப்புப் பயிற்சி ஒரு சரக்காக விற்கப்படுகிறது. நம் பக்கத்துப் பெருநகர் கிராமம் மாதிரி ஊரில் ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு ஒரகடம் கம்பெனிகளை விட்டால் கண்ணுக்குத் தெரிவது குவாரியும் கிரஷரும்தான். "சர்டிபிகேட் இருந்தால் உடனே வேலை" என்றால் வீட்டில் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள்.

சட்டம் சொல்வதோ வேறு. 1966-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் சுரங்க உரிமையாளர் தலையில் வைக்கின்றன. கல்குவாரி சுரங்கமா என்று சிலர் கேட்கலாம். ஆறு மீட்டருக்கு மேல் தோண்டினாலோ, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்தாலோ, வெடிமருந்து வைத்தாலோ 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் விலக்கு அதற்குக் கிடைத்ததில்லை. வெடி வைக்காத கருங்கல் குவாரி நம் பக்கத்தில் எத்தனை இருக்கும்? அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் தெளிவு: பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஓட்டை இருப்பது 'தொழிலாளி' என்ற சொல்லில். வேலைக்குச் சேராதவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. அதனால் குவாரி வாசலுக்கு வெளியே அவனிடம் எவரும் எவ்வளவும் வாங்கலாம். இது நம் ஊரின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுரங்கத் தொழிலாளிக்குப் பயிற்சி நேரத்துக்கும் வழக்கமான கூலி உண்டு என்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலோ நிலக்கரிச் சுரங்கத்துக்கான அறிமுகப் பயிற்சியை வேலை தேடுபவர்களே காசு கொடுத்து முடித்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

காசு யாருடையது என்பது வெறும் கணக்கு விவகாரம் அல்ல. முதலாளி செலவழித்தால், அந்தக் குவாரியின் பாறை எங்கே வெடித்திருக்கிறது, வெடி வைக்கும்போது எங்கே ஒதுங்க வேண்டும் என்பதைக் களத்திலேயே கற்றுத்தர வேண்டியிருக்கும். பையன் செலவழித்தால் அவனுக்குத் தேவை தாள்; விற்பவருக்கும் அதுவே போதும்.

மேட், வெடி வைக்கும் பிளாஸ்டர், போர்மேன் போன்ற பொறுப்புகளுக்கான சான்றிதழ்கள் வேறு வகை. அவற்றைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் மட்டுமே தரும். கள அனுபவமும் வேண்டும். அதற்குத் தேர்வுக் கட்டணம் கட்டுவதில் தவறில்லை.

குவாரிக் குத்தகைக்கு விண்ணப்பிப்பவரிடம், யார், எங்கே, எத்தனை நாள் பயிற்சி தருவார்கள் என்று எழுதி வாங்காமல் மாவட்ட நிர்வாகம் அனுமதி தரக் கூடாது. சிறு குவாரிகள் சேர்ந்து ஒரு பொதுப் பயிற்சி மையம் நடத்த உத்திரமேரூரிலேயே இடம் ஒதுக்கலாம். அதுவரை பணம் கேட்பவரிடம் பெற்றோர் ஒன்றைக் கேட்க வேண்டும்: எந்தக் குவாரி, எந்த முதலாளி இவனை வேலைக்கு எடுக்கப் போகிறார்? பெயர் சொல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.