ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பறக்கலாம்!

மேடவாக்கம் மேம்பாலம் 2022 மே மாதம் முழுசாகத் திறந்தாச்சு. தாம்பரம் பக்கமிருந்து வேளச்சேரி நோக்கி இரண்டு கிலோமீட்டர், நடுவில் சிக்னலே கிடையாது. நடுராத்திரியில் ஆக்ஸிலேட்டர் மேல் கால் வைத்தவனுக்குக் கால் அரிக்கத்தானே செய்யும்?

அரித்தால் என்ன செலவு? 1988 சட்டத்தில் 400 ரூபாய் வரை. 2019 திருத்தத்தில் காருக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம். சென்னையில் காருக்கு எல்லை மணிக்கு 60 கி.மீ. என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். சரி. 70-ல் போன குடும்பஸ்தருக்கும் 130-ல் பறந்த சூரப்புலிக்கும் அதே ஆயிரம், இரண்டாயிரம்தானாம்! என்னங்க நியாயம் இது?

வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம். அபராதம் மட்டும் அப்படியே நிற்கிறது. பணம் உள்ளவனுக்கு அது தண்டனையே இல்லை சார், டிக்கெட்!

‘ஆபத்தாக ஓட்டினால் 184-வது பிரிவில் ஜெயில் இருக்கே’ என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஆபத்து என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வேகத்தையோ கருவியே சொல்லிவிடும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2025 ஜூலை முதல், எல்லையைத் தாண்டி இன்னும் 80 கி.மீ. வேகத்தில் போனால் முதல் தடவையே 30 நாள் வரை சிறை உண்டு.

நமக்கும் வழி இருக்கிறது. மோட்டார் வாகனம் பொதுப்பட்டியல் சமாசாரம். சட்டசபை திருத்தம் போட்டு, ஜனாதிபதி ஒப்புதல் வாங்கலாம். வேகம் ஏற ஏற தண்டனையும் ஏறட்டும்.

அடுத்த தடவை ஓட்டு கேட்டு வருகிறவரிடம் தண்ணீர், ரோடு, லைட்டோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.