உருவம் மட்டும் திரும்பினால் போதாது

2021-இல் நிக்கான் நிறுவனம் இசட்எஃப்சி என்ற டிஜிட்டல் கேமராவை வெளியிட்டபோது, விவரம் தெரிந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அது பழைய எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் உருவம். 2023-இல் வந்த இசட்எஃப்-உம் அதே சாயல்தான். தன் பழைய கேமராமீது மக்களுக்கு எவ்வளவு பிரியம் என்பது நிக்கானுக்கு நன்றாகவே தெரிகிறது. இருந்தும் உருவத்தை மட்டுமே விற்கிறது. ஃபிலிம் ரோல் போடும் கேமராவைச் செய்து தர மறுக்கிறது.

எந்த ஃபிலிம் கேமரா மறுபடி வர வேண்டும் என்று கேட்டால் புகைப்படக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்: கான்டாக்ஸ் டி2, ஒலிம்பஸ் ஓஎம்-1, மாமியா 7, பென்டாக்ஸ் கே1000. நான் கேட்பது நிக்கானின் எஃப்எம் வரிசையை.

1982-இல் வந்த எஃப்எம்2-வின் ஷட்டர், ஒரு நொடியில் 4,000-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து மூடும். ஸ்பிரிங்கையும் பல்சக்கரங்களையும் மட்டுமே வைத்து அந்த வேகத்தைச் சாதித்தார்கள். அதற்காக ஷட்டர் தகடுகளை டைட்டானியத்தில் செய்து, எடை குறையத் தேன்கூடு போலப் பொறித்தார்கள். பேட்டரி வேண்டியது லைட் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும் படமெடுக்கத் தடையில்லை. பாகிஸ்தான் அகதி முகாமில் பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை 1984-இல் ஸ்டீவ் மெக்கரி படமெடுத்தது இந்தக் கேமராவில்தான். 2001-இல் வந்த எஃப்எம்3ஏ அதற்கும் மேலே போனது. பேட்டரி இருந்தால் ஷட்டர் வேகத்தை அதுவே தேர்ந்தெடுக்கும், இல்லாவிட்டால் எல்லா வேகங்களிலும் இயந்திரமாகவே ஓடும். அத்தனை உழைப்பில் உருவானதை 2006-இல் நிறுத்திவிட்டார்கள்.

கான்டாக்ஸ் டி2 அழகான கேமரா, மறுக்கவில்லை. ஆனால் அதன் உயிர் மின்சுற்றில் இருக்கிறது. தயாரித்த கியோசெரா நிறுவனம் 2005-இல் இத்தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது; இன்று சுற்று பழுதானால் மாற்றப் புது உதிரி கிடையாது. எஃப்எம்2-வைக் கைத்திறன் உள்ள ஒரு மெக்கானிக் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு ஓட வைத்துவிடலாம். மறுபடி ஒன்றைச் செய்வதானால், இப்படிப் பல தலைமுறைக்கு நிற்பதைத்தான் செய்ய வேண்டும்.

சந்தை சிறியது, லாபம் வராது என்பார்கள். லைக்கா எம்6 2002-இல் நின்று 2022-இல் திரும்பி வந்தது; விலைதான் ஐயாயிரம் டாலருக்கு மேல். 2024-இல் சுமார் 500 டாலருக்குப் பென்டாக்ஸ் 17 வந்தது. பாராட்ட வேண்டிய துணிச்சல் அது. ஆனாலும் அதில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்க வழியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரிய இடைவெளி எஃப்எம் கேமராவுக்கு உரியது. நிக்கானுக்கும் மறுபடி செய்வது புதிதல்ல. 1950களின் எஸ்3, எஸ்பி கேமராக்களை முறையே 2000-இலும் 2005-இலும் சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் தயாரித்த நிறுவனம் அது.

பென்டாக்ஸ் 17-க்கு ஃபிலிம் சுற்றும் லீவரைச் செய்ய, ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்களை இளைஞர்கள் நாட வேண்டியிருந்தது. வரைபடம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். எந்தத் திருகை எவ்வளவு இறுக்குவது என்ற அறிவு அதைச் செய்தவரின் கையில்தான் இருக்கும். எஃப்எம்3ஏ உருவானபோது முப்பது வயதில் இருந்த பொறியாளர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவர் ஓய்வுபெறுவதற்குள் நிக்கான் முடிவெடுக்க வேண்டும்.