மறதிநோய்ப் பராமரிப்புக்குத் தமிழிலேயே பயிற்சி வேண்டும்

கைதடி அரச முதியோர் இல்லம் உட்பட யாழ்ப்பாணக் குடாநாட்டின் எல்லா இல்லங்களிலும், மறதிநோய்க்கு உள்ளான முதியோரைப் பராமரிக்கும் தாதியருக்கும் உதவியாளருக்கும் முறையான பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். 2024ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பு, இலங்கை வேகமாக மூப்படைந்து வருவதைக் காட்டியிருக்கிறது. போரும் புலம்பெயர்வும் பிள்ளைகளைக் கடல் கடத்திவிட்ட எமது மண்ணில் அதன் சுமை இன்னும் பாரமானது. பொழுதுபடும் நேரத்தில் மறதிநோயுள்ள ஒரு மூதாட்டி, போரால் 1990இல் விட்டு வந்த வலிகாமம் வடக்கு வீட்டுக்குப் போக வேண்டுமென்று படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த வீடு இப்போது இல்லை என்று வாதிடுவதால் அவரது பதற்றம் கூடுமே தவிரக் குறையாது. கிணற்றடியையும் முற்றத்து மாமரத்தையும் பற்றிப் பேச்சுக் கொடுத்து அவரை உள்ளே அழைத்து வருவது தொழில்சார் திறமை. அது கற்பிக்கப்பட வேண்டியது. அதேபோல, முதியோரின் திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ சொல்லத் தெரியாத வலியோ காரணமாகலாம். "அறளை பெயர்ந்துவிட்டது" என்று விட்டுவிட்டால் குணமாக்கக்கூடிய நோயும் முற்றிவிடும். மாகாண சுகாதார அமைச்சும் சமூக சேவைகள் திணைக்களமும் யாழ். போதனா வைத்தியசாலையையும் பல்கலைக்கழகத் தாதியர் கற்கைத் துறையையும் இணைத்து, தமிழில் இப்பயிற்சியை உடன் தொடங்க வேண்டும். பயிற்சி மட்டும் போதாது. குழம்பிய முதியோரிடம் அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு இரவுக் கடமை முடிப்போருக்குப் போதிய ஆளணியும் ஓய்வும் உளவள ஆலோசனையும் உறுதிசெய்யப்பட வேண்டும். இவற்றுக்கான நிதியை அடுத்த பாதீட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்குக.