கூலி: ஊதியம் ஆளாகிய கதை

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் குப்பத்துக்கும் பலமனேருக்கும் இடைப்பட்ட சாலையில் இருக்கிறது சாந்திபுரம். தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் தொலைவில் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் அவ்வட்டாரத்தில் வேலைக்கு ஆள் பேசும்போது மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல் ஒன்று உண்டு: கூலி. தெலுங்கில் ஈற்றைக் குறுக்கினால் அது ஊதியம், நீட்டினால் ஆள். தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குத் தரவேண்டிய தொகை, செய்பவர் கூலியாள். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலும் உழைப்பின் பயன் என்ற பொருளிலேயே இச்சொல் வருகிறது.

இதே சொல் ஆங்கிலத்தில் மனிதனுக்குப் பெயராயிற்று. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, குஜராத்தின் கோலி மக்களின் பெயரையும் தமிழ்க் கூலியையும் இதன் தோற்றுவாய்களாக ஆராய்கிறது. இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் சொல்லை உலகமெங்கும் பரப்பியவர்கள் அகராதிக்காரர்கள் அல்லர்; கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்களுக்கு ஆள் ஏற்றிச் சென்ற கப்பல்களுமே. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிப்பு நடைமுறைக்கு வந்தபோது முதலாளிகளுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. மொரீஷியஸ், நேட்டால், கரீபியத் தீவுகள், பிஜி என ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டனர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் இருந்தனர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட ஆற்காட்டிலிருந்தும் திரளானோர் நேட்டாலுக்குச் சென்றனர்.

இங்கே நடந்தது வெறும் பொருள் மாற்றமன்று. கூலி என்னும் தமிழ்ச் சொல்லுக்குள் ஒரு கடன் இருக்கிறது: வேலை வாங்கியவன் தர வேண்டியது அது. ஆங்கிலத்துக்குப் போன சொல்லில் அந்தக் கடன் மறைந்து, கடன்பட்டவனும் மறைந்து, சுமக்கும் உடல் மட்டும் மிஞ்சியது. பின்னர் அது தொழிலின் பெயராகக்கூட நிற்காமல் இனத்தின் பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். 1862இல் கலிபோர்னியா ‘கூலி எதிர்ப்புச் சட்டம்’ இயற்றிச் சீனத் தொழிலாளர் மீது வரி விதித்தது. சீனரோ இச்சொல்லைக் ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். எந்த அகராதியைவிடவும் அது பொருத்தமான விளக்கம்!

மார்க்ஸ் 1849இல் வெளியிட்டது ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ எனத் தமிழானபோது சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பியது. ஆட்சியாளர்கள் தேர்ந்த வழி வேறு. 2016 ரயில்வே பட்ஜெட்டில், நிலையங்களில் சுமை தூக்குவோர் இனிக் ‘கூலி’ அல்லர், ‘சகாயக்’ என்று அறிவித்தனர். இழிசொல்லை நீக்கியதில் குறை காண ஒன்றுமில்லை. ஆயினும் அவர்கள் உரிமவில்லை பெற்றவர்களாகவே நீடித்தனர். ரயில்வே அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. பெயர் மாறிய மறுநாளும் பயணி தந்தால்தான் வருமானம்.

பெயர் சூட்டுவதில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திர சிறப்புக் காவல் படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ‘கடத்தல்காரர்கள்’ என்றது காவல்துறை. செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச் செல்லப்படும் ஏழைகள் அவர்கள் என்பதை ஊரார் அறிவர். வெட்டுபவன் கையில் கிடைப்பது கூலி. மரத்தின் விலை போய்ச் சேரும் இடம் வேறு.

மூன்று மொழிகளுக்கும் பொதுவான அச்சொல்லின் அளவு மட்டும் எல்லைக்கு எல்லை மாறுகிறது. 2024-25இல் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாள் ஊதியம் கர்நாடகத்தில் 349 ரூபாய், தமிழ்நாட்டில் 319, ஆந்திரத்தில் 300. குப்பம் நிலையத்திலிருந்து விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் கூட்டம் ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள், முதலில் இந்த மூன்று எண்களைப் பார்க்கட்டும்.