உருமுச்சி வளர்ச்சி மண்டலமும் உழைப்போர் உரிமையும்

ஒரு நாட்டின் செல்வம் கைத்தொழிலாற் பெருகும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், ஆலைகள் மலிந்த இடமெல்லாம் மக்கள் வாழ்வு மலர்ந்த இடமாகுமோ என்பது ஆராயற்பாலது. இதற்குச் சீனத்தின் வடமேற்கிலுள்ள உருமுச்சி நகரின் பொருளாதாரத் தொழில்நுட்ப வளர்ச்சி மண்டலம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இத்தகைய மண்டலம் என்பது யாது? அரசாங்கத்தார் ஒரு நிலப்பரப்பை வரையறுத்து, சாலையும் நீரும் மின்சாரமும் முன்னரே அமைத்து, வரியிலும் சலுகை தந்து முதலுடையாரை அழைப்பர், அதுவே மண்டலம். டெங் சியாவோபிங் காலத்தில், 1984-ஆம் ஆண்டில், சீன அரசாங்கம் கடற்கரை நகரங்கள் பதினான்கைப் பிறநாட்டு முதலுக்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டிலேயே தாலியன் நகரில் முதல் மண்டலம் தோன்றிற்று. தியான்சினில் உப்பளமாய்க் கிடந்த நிலம் தொழில் நகராக மாறத் தொடங்கிற்று. நெய்தலிற் பிறந்த இவ்வேற்பாடு பத்தே ஆண்டுகளிற் பாலையை எட்டியது. உருமுச்சி மண்டலம் 1994-இல் நடுவணரசின் ஒப்புதல் பெற்றது.

சிஞ்சியாங் உய்குர் தன்னாட்சிப் பகுதியின் தலைநகர் உருமுச்சி. உலகின் பெருநகரங்களுள் கடலுக்கு மிகச் சேய்மைக்கண் உள்ளது இதுவே என்பர். இடைவெளி ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். கப்பல் அணுகாத ஊருக்கு இருப்புப்பாதையே துறைமுகமாம். 1990-இல் அப்பாதை எல்லையிற் கசகஸ்தான் பாதையோடு இணைந்தபின், கடலற்ற குறையே நடு ஆசிய வாணிகத்திற்கு வாயிலாகும் நிறையாயிற்று. 2011-இல் இம்மண்டலம் தௌதுன்கே மாவட்டத்தோடு ஒன்றாக்கப்பட்டது. 2013-இல் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனத்தாரும் அவர்தம் சீனக் கூட்டாளிகளும் ஆண்டுக்கு 50,000 மோட்டார் வண்டிகள் செய்யவல்ல ஆலையொன்றை ஆங்குத் திறந்தனர். இம்முயற்சிகள் பாராட்டற்குரியனவே.

நிற்க. இவ்வாக்கத்தில் அம்மண்ணின் மக்களுக்குரிய இடம் யாது? ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, சிஞ்சியாங்கில் உய்குர் மக்கள்மீது கடுமையான உரிமை மீறல்கள் நிகழ்ந்தன என்றும், வேலை வழங்கும் திட்டங்களிலும் வற்புறுத்தலின் கூறுகள் தோன்றுகின்றன என்றும் உரைத்தது. சீன அரசாங்கத்தார் இதனை முற்றும் மறுத்து, வறுமையை ஒழிக்கவே தொழிற்பயிற்சியும் வேலையும் அளித்தோம் என்றனர்.

வறியவனுக்கு வேலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. பசித்தவனிடம் உரிமை பேசுதல் வீண் என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. வேலை கொடுத்தல் வேறு. அவ்வேலையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை கொடுத்தல் வேறு. பின்னது இல்லையேல் முன்னதன் பெருமையும் குன்றும். மறுக்க இயலாதவன் மனமுவந்து உழைத்தாலும், அவன் உவந்தே உழைத்தான் என்பதற்குச் சான்று யாண்டுளது?

இது வெறும் அறவுரையன்று, வாணிகத்தின் உண்மையுமாம். அமெரிக்காவில் 2021-இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று, சிஞ்சியாங்கில் ஆன பொருள்களையெல்லாம் கட்டாய உழைப்பாற் செய்தனவென்றே கொண்டு, அன்றெனத் தக்க சான்று காட்டினாலன்றி உள்ளே விடாது. வோக்ஸ்வேகன் நிறுவனத்தார் 2023-இல் தம் உருமுச்சி ஆலையில் ஆய்வு நடத்துவித்தனர். கட்டாய உழைப்புக்கு அறிகுறி இல்லையென அவ்வாய்வு முடிந்தது. ஆயினும், அஞ்சி வாழ்வோர் அயலாரிடம் உள்ளதை உள்ளபடி உரைப்பரோ என்னும் ஐயம் தணியவில்லை. பொருளாதாரக் காரணங் கூறி 2024-இல் நிறுவனத்தார் அவ்வாலையை விற்றகன்றனர். உரிமையில்லாத இடத்திற் குற்றத்தை மட்டுமன்று, குற்றமின்மையையும் மெய்ப்பித்தல் அரிது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

ஆதலின், ஒரு மண்டலத்தின் உயர்வைப் புகைபோக்கிகளை எண்ணி அறிதல் கூடாது. அயல்நாட்டு முதல் தானே விரும்பி வரவும், ஆதாயம் இல்லையேல் வெளியேறவும் ஆங்கு வழியுண்டு. பொருளுக்கு அளித்த அவ்வுரிமையை உழைக்கும் மனிதனுக்கும் அளித்துளரோ என்று வினவுதலே தக்க அளவையாம். நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களாகிய நாம் எந்நாட்டு வளர்ச்சியைக் குறித்துக் கேட்பினும், முதற்கண் இவ்வினாவை எழுப்புதல் கடனாகும்.